தெருமுனையில் ஒலித்த எக்காளம்



சென்ற மாதம் நம் சபையார் சிலருடன் பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அரிசி மூட்டைகளையும் நோட்டுப் புத்தகங்களையும் போர்வைகளையும் கொடுத்தோம். வழக்கம்போல் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இரண்டு பாடல்களைப் பாடச் செய்தார்கள். நாம் கைதட்டினோம், புகைப்படம் எடுத்துக்கொண்டோம். வேனில் ஏறுமுன், முன்வரிசையில் நின்று உரத்த குரலில் பாடிய சிறுவனை அழைத்து, "நன்றாகப் பாடினாய் தம்பி. வேறு என்ன பாட்டெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன். "இந்த ரெண்டுதான் ஐயா. யாராச்சும் வந்தா இதைத்தான் பாடுவோம்" என்றான்.

அந்தப் பதில் என்னோடு வேனில் ஏறி, வீடுவரைக்கும் வந்துவிட்டது. 137ஆம் சங்கீதத்தில் பாபிலோனின் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தவர்களிடம், உங்கள் ஊர்ப் பாட்டைப் பாடுங்கள் என்று கேட்டார்கள் அல்லவா? கேட்டவர்கள் கையில் அதிகாரம் இருந்தது. பாடவேண்டியவர்களிடம் கின்னரம் மட்டுமே இருந்தது. நாம் யாரையும் சிறைபிடித்துச் செல்லவில்லை, உண்மைதான். அன்போடுதான் சென்றோம். ஆனாலும் அந்தச் சங்கீதத்தை அன்றிரவு வாசித்தபோது, நான் எந்தக் கரையில் நின்றுகொண்டிருக்கிறேன் என்ற கேள்வி எழாமல் இல்லை.

இந்தக் கேள்வியோடு இவ்வாரம் உங்களை ஒரு பழைய வரலாற்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அதுவும் ஒரு போதகரின் கதைதான்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வட அமெரிக்காவுக்கு அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பங்கினர் கால்வைத்த இடம் அது. 1861இல் உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் வெடித்ததும் அந்நகரின் துறைமுகத்தில்தான். போர் முடிந்து அடிமைகள் விடுதலையானார்கள். விடுதலை வந்தது, நிலம் வரவில்லை, கூலி போதவில்லை. பெற்றோரை இழந்த கறுப்பினப் பிள்ளைகள் துறைமுகத்திலும் ரயில் நிலையத்திலும் கிடைத்ததை உண்டு திரிந்தார்கள். அந்நகரில் 1790 முதலே ஒரு பெரிய அநாதை இல்லம் இருந்தது. ஐக்கிய நாடுகளிலேயே முதலாவது பொது அநாதை இல்லம் என்று பெயர் பெற்றது. ஆனால் அதன் வாசல் வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்தது.

1891 டிசம்பர் மாதத்தில் ஒருநாள், டேனியல் ஜோசப் ஜென்கின்ஸ் என்னும் பாப்டிஸ்ட் போதகர் ரயில் பாதையோரம் குளிரில் ஒடுங்கிக் கிடந்த நான்கு சிறுவர்களைக் கண்டார். ஒருவனுக்கும் பன்னிரண்டு வயதைத் தாண்டவில்லை. ஜென்கின்ஸ் தாமும் 1862இல் அடிமைத்தனத்திலே பிறந்து, இளமையிலே அநாதையானவர். அப்போது அவருக்கு வயது 29. ஊழியத்தோடு மரவியாபாரமும் செய்து குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தார். அந்த நால்வரையும் கடந்துபோக அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவும் உடையும் கொடுத்தார். அடுத்து, தம் சபையாரிடம் இதை எடுத்துச் சொன்னார். 1892 ஜூலையில் அரசின் பதிவுபெற்ற அநாதைச் சிறுவர் உதவிச் சங்கம் ஒன்று உருவாயிற்று. ஆரம்பத்தில் ஒரு சிறிய வீடு. பின்னர் நகரத்தின் பழைய கடற்படையினர் மருத்துவமனைக் கட்டடம் கிடைத்தது. அதன் அருகிலேயே சிறைச்சாலை இருந்தது. பிள்ளைகள் சன்னலைத் திறந்தால் சிறையின் மதில் கண்ணில் படும்.

நால்வர் நாற்பதானார்கள், பின்னர் நூற்றுக்கணக்கானவர்கள். சபைக் காணிக்கையால் அத்தனை வயிறுகளை நிரப்ப முடியவில்லை. செருப்புத் தைத்தல், தச்சுவேலை, அச்சுவேலை, விவசாயம் ஆகியவற்றைக் கற்பித்தார்கள். ஜென்கின்ஸ் ஒரு வாரப் பத்திரிகையையும் நடத்தினார். அவற்றோடு அவருக்குத் தோன்றிய மற்றொரு யோசனைதான் இந்த இல்லத்தை வரலாற்றில் நிறுத்தியது: ஒரு பேண்டு வாத்தியக் குழு. வீட்டில் பயனற்றுக் கிடக்கும் பழைய வாத்தியங்களைத் தரும்படி நகர மக்களைக் கேட்டார். நசுங்கிய கார்னெட்டுகளும் ஒட்டுப்போட்ட டிரம்களும் வந்து சேர்ந்தன. சீருடைக்கு, அவ்வூர் இராணுவக் கல்லூரி மாணவர்கள் கழித்துப்போட்ட உடைகளைப் பெற்று, வெட்டித் தைத்துச் சிறுவர்களுக்கு அணிவித்தார்கள்.

இந்தச் சீருடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. சிட்டடல் என்னும் அந்த இராணுவக் கல்லூரி எப்படித் தோன்றியது தெரியுமா? 1822இல் டென்மார்க் வெசி என்ற விடுதலை பெற்ற கறுப்பினத் தச்சர் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று குற்றஞ்சாட்டப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அந்த அச்சத்தில், இனியொரு கிளர்ச்சி எழாதபடி நகரில் ஆயுதக் கிடங்கும் காவற்படையும் ஏற்படுத்தினார்கள். 1842இல் அது இராணுவக் கல்லூரியாயிற்று. அடிமைகளை அடக்கிவைக்கப் பிறந்த நிறுவனத்தின் பழைய சட்டையை, அடிமைகளின் பேரப்பிள்ளைகள் போட்டுக்கொண்டு தெருவில் அணிவகுத்து எக்காளம் ஊதினார்கள்! ஜென்கின்ஸ் இதை நினைத்துப் புன்னகைத்திருப்பாரா, அல்லது துணி கிடைத்ததே போதும் என்றிருந்தாரா?

வாத்தியம் கிடைத்துவிட்டால் இசை வந்துவிடாது. இங்கேதான் ஜென்கின்ஸின் ஞானத்தைக் காண்கிறேன். ஹாட்சி லோகன் என்றழைக்கப்பட்டவரையும் பிரான்சிஸ் யூஜின் மிக்கெல் என்பவரையும் ஆசிரியர்களாக அமர்த்தினார். தேர்ந்த இசைஞர்கள் இவர்கள். செவிவழியாக நாலு மெட்டுகளைப் பழக்கிவிட்டுத் தெருவுக்கு அனுப்பவில்லை. இசைக் குறிப்பை எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்பித்தார்கள். ஒரு வாத்தியத்தில் தேறியவனுக்கு இன்னொரு வாத்தியத்தையும் கொடுத்தார்கள். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஐரோப்பிய இராணுவ இசையை வாசித்த அதே பிள்ளைகள், தங்கள் பாட்டிமார்களிடமிருந்து வந்த கல்லா மக்களின் தாளத்தையும் ஆட்டத்தையும் கைவிடவில்லை. குழுவின் முன்னே ஒரு சின்னஞ்சிறுவன் கோலை வீசிக்கொண்டு, தன் ஊர் அடவுகளை ஆடியபடியே வழிநடத்துவான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தாளமும் ஐரோப்பாவிலிருந்து வந்த பித்தளையும் ஒரு சிறுவனின் காலிலும் கையிலும் சந்தித்தன. தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை. பின்னாளில் ஜாஸ் என்று உலகம் பெயரிட்ட இசைக்கு அது நாற்றங்கால்களில் ஒன்று.

1895இல் ஜென்கின்ஸ் இந்தச் சிறுவர்களைக் கப்பலேற்றி லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே நிதி திரட்டலாம் என்பது எண்ணம். லண்டன் தெருவில் அவர்கள் வாசித்ததும் கூட்டம் கூடிற்று, போலீசாரும் வந்தார்கள். சிறு பிள்ளைகளைத் தெருவில் பணத்துக்காக வாசிக்கவைப்பது இங்கிலாந்துச் சட்டப்படி குற்றம். போதகர் போ தெரு நீதிமன்றத்தில் போய் நின்றார். கையிலிருந்த பணமும் தீர்ந்தது. கடைசியில் லண்டன் சபைகளிலே பிரசங்கித்து, அங்கு கிடைத்த காணிக்கையைக் கொண்டு பிள்ளைகளை ஊர் சேர்த்தார். அதே 1895இல்தான் தென் கரோலினாவில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கும் புதிய அரசியல் சாசனம் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். சொந்த மாநிலம் அவர்களைக் குடிமக்களாக எண்ணவில்லை. அயல்நாட்டுச் சட்டமோ, அவர்களைக் காப்பாற்றப்பட வேண்டிய பிள்ளைகள் என்றது.

அந்த நீதிமன்றக் காட்சியை நான் இலேசாகக் கடந்துபோக விரும்பவில்லை. சட்டம் கேட்ட கேள்வி நியாயமானதுதான். தெருவிலிருந்து எடுத்த பிள்ளையை மறுபடியும் தெருமுனையில் நிறுத்தித் தொப்பியை நீட்டச் செய்தால், நீர் எதை மாற்றினீர்? பிள்ளைகள் ஈட்டிய பணம் அவர்களுடைய கைக்குப் போகவில்லை, இல்லத்துக்குப் போயிற்று. வெளியூர்ப் பயணங்களால் படிப்பும் தடைப்பட்டது. ஜென்கின்ஸ் பக்கத்தில் நின்று பார்த்தால், அவர் வேறு என்ன செய்திருக்கக் கூடும்? நகராட்சி கொடுத்தது சொற்பம். பசியோடு ஒரு வீடு நிறையப் பிள்ளைகள். அவரை நான் குற்றப்படுத்தமாட்டேன். ஆனால் அவர் நல்லவர் என்பதற்காக அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவும் மாட்டேன்.

இந்தக் கேள்வி சார்ல்ஸ்டனுக்கு மட்டும் உரியதும் அல்ல. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் 16ஆம் நூற்றாண்டில் தெருப்பிள்ளைகளுக்காகத் தோன்றிய இல்லங்களுக்குக் கன்சர்வட்டோரியோ என்று பெயர். பாதுகாக்கும் இடம் என்று பொருள். 1589இல் தோன்றிய ஒன்றின் பெயர் 'இயேசு கிறிஸ்துவின் ஏழைகள்'. அங்கே பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார்கள். அவர்கள் ஊர்வலங்களிலும் சவ அடக்கங்களிலும் பாடி இல்லத்துக்கு வருமானம் தேடினார்கள். அந்தப் பெயரே நாளடைவில் ஐரோப்பா முழுவதும் இசைக் கல்லூரிகளின் பெயராயிற்று. நான் இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு படித்த நாட்களில் இதைக் கேள்விப்படவே இல்லை. அதே நேப்பிள்ஸில், உயர்ந்த குரல் உடையாதிருக்கும்படி அண்ணகராக்கப்பட்ட சிறுவர்களும் அப்பள்ளிகளில் பயின்றார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையைவிடப் பிள்ளையின் குரல் விலையேறப்பெற்றதாகிவிட்டால், தேவாலயத்தின் நிழலிலும் இப்படி நடக்கும்.

சார்ல்ஸ்டனுக்குத் திரும்புவோம். நாளடைவில் ஜென்கின்ஸ் இல்லத்தின் புகழ் வளர்ந்தது. 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வாசித்தார்கள். 1905இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பதவியேற்ற ஊர்வலத்திலும் 1909இல் டாஃப்டின் பதவியேற்பிலும் அணிவகுத்தார்கள். 1914இல் லண்டனில் நடந்த ஆங்கிலோ-அமெரிக்கக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. 19 ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றத்தில் நின்ற ஊருக்கு இம்முறை விருந்தினராகச் சென்றார்கள். ஆகஸ்டு மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டு பயணம் குலைந்தது. போதகரின் மகன் எட்மண்ட் மட்டும் லண்டனிலேயே தங்கி, ராயல் அகாடமியில் இசை பயின்று, சார்ல்ஸ்டனின் மெட்டுகளைக் கொண்டு பெரிய இசைக்குழுவுக்கான படைப்புகளை எழுதினார். 1926இல் பாரிசில் இளவயதிலேயே இறந்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் அரங்கேறிய 'போர்கி' நாடகத்தில் இல்லத்துப் பிள்ளைகளின் பேண்டு மேடையேறிற்று. 1920களில் இல்லத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் இருந்தன. கோடைதோறும் வெவ்வேறு திசைகளுக்குப் புறப்பட்டுப் போயின.

ஆனால் ஊர்வலங்களின் பட்டியலைவிட மூன்று பிள்ளைகளின் வாழ்க்கை என் மனதை அதிகம் தொட்டது.

ஜாபோ ஸ்மித். வறுமையால் வளர்க்க இயலாத தாய் அவனை ஆறு வயதில் இல்லத்தில் கொண்டுவந்து விட்டார். டிரம்பெட்டும் டிரம்போனும் கற்றான். இல்லத்திலிருந்து ஓடிப்போனான், பிடித்துவந்தார்கள், மறுபடி ஓடினான். 1929இல் அவர் பதிவுசெய்த இசைத்தட்டுகளைக் கேட்டவர்கள் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு நிகரானவர் என்றார்கள். ஆனாலும் பெருவாழ்வு கிட்டவில்லை. பல ஆண்டுகள் மறக்கப்பட்டு, முதுமையில்தான் மீண்டும் மேடை கண்டார். அவரை வளர்த்த இல்லத்தைப் பற்றி நான் எவ்வளவு நன்றியோடு எழுதினாலும், அவர் ஓடினார் என்பதை மறைக்கக் கூடாது. பிள்ளைகள் காரணமின்றி ஓடுவதில்லை.

ஹெர்பர்ட் ரைட். இவர் டிரம் வாசித்தார். முதலாம் உலகப் போரில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்னும் இசைத் தலைவர் 369ஆம் காலாட்படையின் பேண்டைப் பிரான்சுக்குக் கொண்டுசென்றார். புதிய அமெரிக்க இசையைப் பிரெஞ்சு மக்கள் வியந்து கேட்டார்கள். ஜென்கின்ஸ் இல்லத்தின் பழைய ஆசிரியர் மிக்கெல் அதில் பேண்டு மாஸ்டர். ரைட்டும் அதில் இருந்தார். போர் முடிந்து திரும்பி, 1919 மே 9ஆம் தேதி பாஸ்டனில் கச்சேரி நடந்தபோது, இடைவேளையில் தலைவர் தன்னைக் கடிந்துகொண்டார் என்று ஆத்திரம் கொண்டு, ரைட் ஒரு சிறு கத்தியால் அவரைக் கழுத்தில் குத்திவிட்டார். ஜேம்ஸ் ரீஸ் யூரோப் அன்றிரவே இறந்தார். இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அநாதைப் பிள்ளைக்கு இசை கற்பித்தால் காயம் ஆறிவிடும் என்று நாம் எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! தாளம் தப்பாமல் வாசிக்கத் தெரிந்த கைக்குள் அந்தக் கோபம் எத்தனை ஆண்டுகளாக இருந்ததோ, அதை யாரும் உட்கார்ந்து கேட்டார்களோ இல்லையோ.

கதை அங்கே முடியவில்லை. சுமார் எட்டு ஆண்டுகள் சிறையிலிருந்து வெளிவந்த ரைட், பாஸ்டனில் ஒரு தெருவில் குடியிருந்தார். அதே தெருவில் வசித்த ஒரு சிறுவனுக்கு டிரம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சிறுவன் ராய் ஹெயின்ஸ். பின்னர் சார்லி பார்க்கர் முதலான மேதைகளோடு வாசித்து, ஜாஸ் இசையின் மிகப் பெரிய டிரம் கலைஞர்களில் ஒருவராய் 99 வயதுவரை வாழ்ந்தார். கொலைப்பாதகம் செய்த கையிலிருந்தும் அந்தக் கல்வி இன்னொரு பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. இதற்கு விளக்கம் எழுத நான் முயலவில்லை. உங்கள் ஜெபவேளைக்கு விட்டுவிடுகிறேன்.

மூன்றாமவர் கேட் ஆண்டர்சன். நான்கு வயதில் தாய் தந்தையை இழந்து இல்லத்துக்கு வந்தவர். பூனை என்று பொருள்படும் அந்தப் பட்டப்பெயரே, இல்லத்துப் பிள்ளைகளோடு சண்டையிடும்போது அவர் பிறாண்டிய விதத்தால் வந்ததாம். 1944இல் டியூக் எலிங்டனின் இசைக்குழுவில் சேர்ந்தார். டிரம்பெட்டில் அவர் எட்டிய உச்ச சுருதியை வேறு எவரும் எளிதில் எட்டியதில்லை. 1963இல் அமெரிக்க அரசு கலாசாரப் பரிமாற்றத்துக்காக எலிங்டன் குழுவை மத்திய கிழக்குக்கும் தெற்காசியாவுக்கும் அனுப்பியது. அந்தப் பயணத்தில் நம்முடைய மதராஸும் இலங்கையின் கொழும்பும் இருந்தன. ஆம், சிறையின் பக்கத்து வீட்டில் வளர்ந்த அநாதைச் சிறுவனின் எக்காளம் சென்னையில் ஒலித்திருக்கிறது! கேட்ட நம் பெரியவர்களுக்கு அவர் யார், எங்கிருந்து வந்தார் என்பது தெரிந்திருக்குமா? இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1965இல் சான்பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் எலிங்டன் தம் முதல் தெய்விக இசை நிகழ்ச்சியை நடத்தினார். அந்தப் பேராலயத்திலும் கேட் ஆண்டர்சன் வாசித்தார்.

ஜென்கின்ஸ் போதகர் 1937இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய பிள்ளைகள் தெருவில் வாசித்தபோது காசு போட்டவர்கள், ஓர் ஏழைப் பிள்ளை நன்றி சொல்லுகிறது என்றுதான் எண்ணியிருப்பார்கள். அந்த நிதியும் தேவையாகத்தான் இருந்தது. ஆனால் லோகனும் மிக்கெலும் கற்பித்தது நன்றிப் பாட்டு அல்ல. பிள்ளைகள் இல்லத்தை விட்டுப் போகும்போது தங்களோடு கொண்டுபோகக் கூடிய ஒரு தொழில், ஒரு மொழி. பிடித்துவர முடியாத தூரத்துக்கு ஜாபோ ஓடியபோதும் அது அவரோடுகூட ஓடிற்று. இல்லமும் கொடையாளரும் எடுத்துக்கொள்ள முடியாத பங்கு அது. இரண்டு பாடல் மட்டும் தெரிந்த நம் சிறுவனிடம் அந்தப் பங்கு இன்னும் வந்து சேரவில்லை.

நம்முடைய பாடகர் குழுவில் சங்கீதம் நன்கு அறிந்தவர்கள் இருக்கிறார்கள். வயலின் வாசிப்போரும் கீபோர்டு வாசிப்போரும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் இல்லத்துப் பிள்ளைகளைத் தனியே மேடையேற்றி ஒரு பாட்டுப் பாடச் செய்து, பரிசுப் பொதி கொடுத்து அனுப்புவது நம் வழக்கம். இவ்வாண்டு அது வேண்டாம் என்று சபைக் குழுவில் கேட்டிருக்கிறேன். சில மூப்பர்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. பிள்ளைகள் பாடுவதைப் பார்த்தால்தான் கொடுக்கிறவர்களின் மனம் இளகும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஜென்கின்ஸ் போதகருக்கும் அது தெரிந்திருந்தது.

இருந்தாலும் ஒரு சிறு தொடக்கம் செய்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை மாலை 4 மணிமுதல், விருப்பமுள்ள பிள்ளைகளை இல்லத்திலிருந்து அழைத்துவந்து நம் பாடகர் குழுவோடு உட்காரவைத்துச் சுரம் வாசிக்கக் கற்பிக்கப்போகிறோம். பார்வையாளர் வேண்டாம்; புகைப்படமும் வேண்டாம். ஆசிரியர் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் ஆர்மோனியம், கிட்டார், வயலின், புல்லாங்குழல் எதுவாயினும் ஆலய அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுக்கலாம். பழுதாயிருந்தாலும் பரவாயில்லை, சரிசெய்துகொள்வோம். அந்தச் சிறுவனிடம் கேட்டேன், வருகிறாயா என்று. "என்ன பாட்டு ஐயா?" என்றான். எனக்கே தெரியாது தம்பி, வந்து பார் என்றேன்.